"உங்கள் சத்தம் கேட்கவில்லையே"

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த சற்று நேரத்தில் என் மனைவி கேட்டார்: "இரண்டு நாளாக உங்கள் சத்தம் கேட்கவில்லையே, கவனித்தீர்களா?"

அவர் சொன்னது என் மார்புக்குள் இருக்கும் வால்வின் சத்தத்தை. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. 34 வயதில் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். எல்லோரும் உலோக வால்வு என்றுதான் சொல்கிறோம். ஆனால் உள்ளே திறந்து மூடும் இரண்டு சிறு தகடுகளும் ஒருவகைக் கடினக் கார்பனால் ஆனவை. ஒவ்வொரு துடிப்புக்கும் அவை மூடும்போது 'டிக்' என்று ஒரு ஓசை எழும். முதல் மாதங்களில் அது என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு என் காது அதை மறந்துவிட்டது. அவர் காது மறக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அந்த ஓசையைக் கேட்டபடிதான் தூங்குகிறார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். எங்கோ சுவருக்கு அப்பால் கேட்பதுபோல மிக மங்கலாக இருந்தது.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தேன். வால்வில் ரத்தம் உறையாமலிருக்க நான் தினமும் போடும் மாத்திரை வார்ஃபரின். ரத்தம் நிற்காது என்பதால் அதை ஐந்து நாள் நிறுத்தச் சொன்னார் பல் மருத்துவர். நிறுத்தினேன். பிடுங்கிய இடத்தில் ரத்தம் லேசாகக் கசிந்ததால் பயந்து, யாரையும் கேட்காமல் இன்னும் நான்கு நாள் மாத்திரை போடாமல் இருந்தேன். இதய மருத்துவரை நானும் கேட்கவில்லை, பல் மருத்துவரும் கேட்கவில்லை. மீண்டும் தொடங்கிய பிறகு ஐ.என்.ஆர். பரிசோதனையும் செய்யவில்லை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண் அது; குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். வார்ஃபரின் போட்ட அன்றே வேலை செய்யும் மருந்தல்ல. முழுப் பலன் வரப் பல நாட்கள் ஆகும். இதையெல்லாம் சேர்த்தால் குறைந்தது இரண்டு வாரம் என் வால்வு காவலின்றி இருந்திருக்கிறது. மைட்ரல் வால்வின் வழியே ரத்தம் குறைந்த அழுத்தத்தில்தான் பாய்கிறது. அதனால் அந்த இடத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு, இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் இடத்திலுள்ள அயோர்ட்டிக் வால்வைவிட அதிகம். ஒன்பது ஆண்டுகளாக எனக்குச் சொல்லப்பட்டு வந்த செய்திதான் இது.

படியேறினால் மூச்சு வாங்கியதைச் சளி என்று நினைத்தேன். இரண்டு தலையணை வைத்துப் படுக்க ஆரம்பித்ததையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே கிளம்பினோம்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவுடன் முகம் மாறி, மூத்தவரை அழைத்தார். எனக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். அன்று 1.4. ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவில் வால்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான சராசரி அழுத்த வேறுபாடு, முந்தைய ஆண்டு 4 மி.மீ. பாதரசமாக இருந்தது, 15 ஆகியிருந்தது. வழி அடைபட்டால் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடத்தானே வேண்டும்.

மறுநாள் காலை தொண்டையை மரத்துப்போகச் செய்து, உணவுக்குழாய் வழியாகக் குழாய் விட்டு எக்கோ எடுத்தார்கள். இதயத்துக்குப் பின்னாலிருந்து பார்ப்பதால் மார்பின் மேலிருந்து தெரியாதது அதில் தெரிகிறது: வால்வின் ஓரத்தில் சிறு ரத்தக்கட்டி. அடுத்து எக்ஸ்ரே மூலம் வால்வு அசைவதை நேரடியாகக் காட்டும் ஃப்ளூரோஸ்கோபி. நான் மறக்காத காட்சி அதுதான். இரட்டைக் கதவில் ஒன்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்றொன்று அசையவே இல்லை.

தகடு சிக்கிக்கொள்ள வேறு காரணமும் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். வால்வைச் சுற்றித் திசு வளர்ந்து மெல்ல மெல்ல உள்ளே நீண்டு அடைப்பதைப் 'பேனஸ்' என்கிறார்கள். அதை மருந்தால் கரைக்க முடியாது, அறுவை சிகிச்சைதான். எனக்கோ அறிகுறிகள் சில நாட்களுக்குள் வந்தவை, ஐ.என்.ஆரும் குறைவு. ஆகவே உறைந்த ரத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்.

இரண்டு வழிகள் இருந்தன. மார்பை மீண்டும் திறப்பது ஒன்று. இரண்டாம் முறை என்பதால் ஆபத்து கூடுதல். கட்டியை மருந்தால் கரைப்பது மற்றொன்று. கரையும்போது ஒரு துண்டு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம். மூளைக்குள் ரத்தக்கசிவும் ஏற்படலாம். கட்டி சிறியது, ரத்த அழுத்தமும் நிலையாக இருக்கிறது என்பதால் மருத்துவர்கள் மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதையும் வேகமாக ஏற்றாமல், கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தில் 25 மில்லிகிராமை ஆறு மணி நேரத்தில் மெதுவாக ஏற்றுவது, தேவைப்பட்டால் மறுபடியும் கொடுப்பது என்று முடிவானது. ஒப்புதல் படிவத்தில் என் கையெழுத்து கோணலாக விழுந்தது.

அந்த ஆறு மணி நேரமும் செவிலியர் அடிக்கடி வந்து, "இரண்டு கையையும் தூக்குங்கள், சிரியுங்கள், பெயரைச் சொல்லுங்கள்" என்றார். ஒவ்வொரு முறை வலக்கை மேலே எழும்போதும் நான் பட்ட நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. முதல் சுற்றில் பாதிதான் பலன். மறுநாள் இன்னொரு சுற்று. அது முடிந்த மாலை, மனைவி என் மார்பருகே குனிந்து வெகுநேரம் நின்றார். நிமிர்ந்து, "வந்துவிட்டது" என்றார். பிறகு எடுத்த எக்கோவில் அழுத்த வேறுபாடு 5. ஃப்ளூரோஸ்கோபியில் இரண்டு தகடுகளும் ஒன்றாக அசைந்தன.

ஐ.என்.ஆர். மூன்றை எட்டும்வரை, ரத்தம் உறைவதை உடனே தடுக்கும் ஹெப்பாரின் மருந்தோடு அங்கேயே வைத்திருந்தார்கள். அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை வேண்டாத புதிய மருந்து எதற்கும் மாற முடியாதா என்று மருத்துவரைக் கேட்டேன். அப்படியொரு மருந்தான டபிகட்ரானை இத்தகைய வால்வு உள்ளவர்களிடம் சோதித்தபோது ரத்தம் உறைவதும் கசிவதும் வார்ஃபரினைவிட அதிகமானதால் அந்த ஆய்வையே 2012-இல் நிறுத்திவிட்டார்கள் என்றார். வார்ஃபரின்தான் எனக்கு, கூடவே சிறிய அளவில் ஆஸ்பிரின்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு, புதிதாகச் சேர்ந்த மருந்து. கடைசிக் கட்டம் முக்கியமானது. மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல் போன்றவை ஐ.என்.ஆரை வேகமாக ஏற்றிவிடும்; ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். வார்ஃபரினின் பலனைக் குறைக்கக்கூடிய கீரையைக்கூட விடவேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும். காய்ச்சல் வந்தால் நானாக ஆன்டிபயாட்டிக் போடுவதில்லை. வால்வில் கிருமித்தொற்று இருந்தால், ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுப்பதற்கு முன் போட்ட மாத்திரை கிருமியை மறைத்துவிடும்.

ஓராண்டு கழித்து இன்னொரு பல்லையும் பிடுங்க நேர்ந்தது. புதிய பல் மருத்துவர் முதல் வேலையாக என் இதய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார். முந்தைய நாள் ஐ.என்.ஆர். 2.6. வார்ஃபரினை ஒரு வேளைகூட நிறுத்தவில்லை. வால்வில் தொற்று வராமலிருக்க ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் 2 கிராம். பல்லை எடுத்து, தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கவைத்து, ரத்தக்கசிவை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலத்தால் வாய் கொப்பளிக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் ரத்தம் நின்றது. இரவு ஒன்பது மணிக்கு வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.