திருநீற்றுப் புதனில் ஓரியூர்

இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்கு எல்லாரும் பிப்ரவரி 4ஆம் தேதி போவார்கள். அன்றுதான் அங்கே மறைச்சாட்சியாக இறந்த போர்ச்சுக்கல் நாட்டு இயேசு சபைக் குரு, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருநாள். நாங்களும் அப்படித்தான் போய்ப் பழகியவர்கள். வேனில் பாதி ஆட்கள், பாதி பாத்திரம், காலடியில் வழியெல்லாம் கத்திக்கொண்டே வரும் ஒரு கிடா. 2025இல்தான் முதல் முறையாக மார்ச் 5ஆம் தேதி, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று (சாம்பல் புதன்), அம்மாவும் நானும் மட்டும் போனோம்.

இதற்கு என் நாட்காட்டிக் கிறுக்குதான் காரணம். அருளானந்தர் தலை வெட்டுண்ட 1693 பிப்ரவரி 4 ஒரு திருநீற்றுப் புதன். உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) மார்ச் 22க்கு முன்னால் வரவே முடியாது. அந்த ஆண்டு மிகச் சரியாக மார்ச் 22இல் வந்துவிட்டது. அங்கிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் பிப்ரவரி 4. அதற்கப்புறம் 1761, 1818 என்று இரண்டே முறைதான் இந்தப் பொருத்தம் அமைந்தது. இனி 2285இல்தான். அப்போதும் அன்றைக்குத் திருநாள் வைக்க முடியாது. திருநீற்றுப் புதன் வந்துவிட்டால் எந்தப் புனிதரும் ஒதுங்கி வழிவிட்டாக வேண்டும், அதுதான் திருவழிபாட்டு ஒழுங்கு.

இதையெல்லாம் அம்மாவிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ சாம்பல் புதனுக்கே போய்ட்டு வந்துருவோம். கூட்டமும் இருக்காது" என்றார். அவ்வளவுதான்.

விடியுமுன் கிளம்பினோம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. ஒருசந்தி, அதாவது ஒரே வேளை முழுச் சாப்பாடு என்ற நோன்பு, இருக்கிறேன் என்று ஒரே பிடிவாதம். "அம்மா, பதினெட்டிலருந்து ஐம்பத்தொன்பது வயசு வரைக்கும்தான் ஒருசந்தி கட்டாயம். அதுக்கு மேல இல்லன்னு திருச்சபையே விட்டுருக்கு."

"திருச்சபை விட்டுச்சு சரி. நான் விடலையே."

கடைசியில் இரண்டு இட்லிக்கு ஒத்துக்கொண்டார். சுத்தபோசனம், அதாவது இறைச்சியை ஒதுக்குவது, எப்படியும் உண்டு. அது பதினான்கு வயதில் தொடங்குகிறது, முடிவு வயது கிடையாது.

திருவாடானை தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. அறுத்த வயலில் காய்ந்த தாள், கண்மாய்க் கரையில் பனை, மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். அங்கங்கே முண்டு மிளகாயைக் காயப் போட்டிருந்தார்கள். சாம்பல் நிறத்துக் கரம்பையின் நடுவே திடீர் திடீரென்று சிவப்பு. பேருந்துக்குள் வரைக்கும் அந்த நெடி வந்து அம்மா இரண்டு முறை தும்மினார்.

கோயில் வளாகம் அவ்வளவு காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. திருநாளன்று மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள், கிடா வெட்டிப் பொங்கி ஆசனம் என்ற பொது விருந்து போடுவார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அருளானந்தர் மதுரை மறைப்பணித் தளத்துக்கு 1674இல் வந்த நாள் முதல் பண்டாரசாமி என்ற துறவி வேடத்தில், காவி கட்டி, இறைச்சியே தொடாமல் வாழ்ந்தவர். வருடம் முழுக்கச் சுத்தபோசனம் இருந்தவருக்குத்தான் நாம் கிடா நேர்ந்துவிடுகிறோம்! அவர் சிரித்துக்கொண்டுதான் ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

திருப்பலியில் ஊதா உடை. மறையுரைக்கப்புறம் சாம்பல் பூச வரிசையில் நின்றோம். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல், கொஞ்சம் நறநறவென்று இருந்தது. "நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்." இந்த வரியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஓரியூரில் கேட்டபோது மட்டும் கண் தானாகக் கீழே போனது. இங்கே ஜனங்கள் வருவதே மண்ணுக்காகத்தானே.

அவர் வெட்டுண்ட இடத்தில் எடுக்கும் செம்மண்ணைத்தான் சொல்கிறேன். அவருடைய இரத்தம் பட்டுச் சிவந்தது என்பது நம்பிக்கை. பிள்ளை இல்லாதவர்களும் நோயாளிகளும் நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அம்மா உட்கார்ந்து ஒரு பிடி அள்ளினார். கையில் எடுத்தால் செங்கல் பொடி போல இருக்கிறது. நடுநடுவே மினுங்கும் துகள். நெற்றியில் ஏற்கெனவே சாம்பல் சிலுவை இருக்கிறதே, எங்கே இடுவது என்று ஒரு நொடி யோசித்தார். அப்புறம் தொண்டைக்குழியில் தொட்டு வைத்துக்கொண்டார். எனக்கும் அங்கேயே வைத்துவிட்டார். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, இந்த மண்ணை வைத்து வேண்டித்தான் நான் பிறந்தேன் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் நான் கைவைப்பதில்லை.

நிழலில் உட்கார்ந்தபோது, "எதுக்குத்தான் வெட்டுனாங்க? திரும்பச் சொல்லு" என்றார். அவருக்குத் தெரியாத கதை இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் நோய் நீங்கித் திருமுழுக்குக் கேட்டார். ஒரு மனைவியோடுதான் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தடியத்தேவர் விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண். அவள் அரண்மனையில் போய் முறையிட்டாள். 1693 ஜனவரி 8ஆம் தேதி அருளானந்தரைப் பிடித்தார்கள். இராமநாதபுரத்திலேயே தண்டித்தால் கலகம் வருமோ என்று இங்கே, ஓரியூரில் அதிகாரத்தில் இருந்த உடையத்தேவரிடம் அனுப்பிவிட்டார்கள். பாம்பாற்றங்கரையில் கதை முடிந்தது.

"அந்தப் பொண்ணும் பாவந்தான். ஒரே நாள்ல வாசலுக்கு வெளிய நிறுத்துனா எங்க போவா?" என்றார் அம்மா. நாற்பது வருடமாக இந்தக் கதையைக் கேட்கிறேன். யாரும் அவள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் கடிதத்துக்கு மாறினேன். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் அது. வெட்டுண்பதற்கு முந்தைய நாள், பிப்ரவரி 3, சிறையில் இருந்து அவர் தம் சபைத் தலைவருக்கு எழுதினார். மை கிடையாது. கரியைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, துரும்பால் தொட்டு எழுதியிருக்கிறார். தன்மேல் சாட்டிய குற்றமே நற்செயலாக இருக்கும்போது அதற்காகப் படும் பாடு பெருமைதான் என்ற பொருளில் ஒரு வரி அதில் வருகிறது. மறுநாள் சாம்பல் புதன் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நெற்றியில் பூசிவிட ஒரு குருவும் பக்கத்தில் இருந்திருக்க மாட்டார். விரலில் கரி மட்டும் ஒட்டியிருந்திருக்கும்.

"அவங்க அம்மாவுக்கு எப்போ சேதி போச்சு?"

லிஸ்பனுக்குக் கப்பலில் போகப் பல மாதம் ஆகியிருக்கும் என்றேன். 1647இல் பிறந்த பிள்ளை, சின்ன வயதில் சாகக் கிடந்தபோது புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டவர் அந்தத் தாய். பிழைத்ததும் ஒரு வருடம் பிள்ளைக்கு இயேசு சபை அங்கியையே உடுத்தி விட்டாராம். மகன் வெட்டுண்ட சேதி வந்து போர்ச்சுக்கல் அரசர் பேதுரு நன்றி வழிபாடு நடத்தியபோது, அவர் துக்க உடையில் வராமல் விழா உடையில் வந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அம்மா மண் பொட்டலத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். "வந்திருப்பாங்க. வீட்டுக்குப் போய் அழுதிருப்பாங்க."

திரும்பி வரும் பேருந்தில் நடத்துநர் எங்கள் நெற்றியையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை, மார்ச் 7. எங்கள் பங்குக் கோயிலில் மாலைத் திருப்பலியும் சிலுவைப்பாதையும். அது புனித பெர்பெத்துவா, பெலிசித்தா நாள். மற்ற காலமென்றால் மறைச்சாட்சிகளுக்குச் சிவப்பு உடை இருக்கும். தவக்காலத்தில் வந்ததால் ஊதாதான், அவர்கள் பெயரில் ஒரே ஒரு மன்றாட்டு. கண் அசந்தால் தவறிவிடும். அம்மா அசரவில்லை. "யாரு இவங்க?" என்று முழங்கையால் இடித்தார்.

கோயில் திண்ணையில் வைத்துச் சொன்னேன். 203ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரம். பெர்பெத்துவா இருபத்திரண்டு வயதுப் பெரிய இடத்துப் பெண், கையில் பால்குடிக் குழந்தை. பெலிசித்தா அடிமைப்பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. கிறிஸ்துவை மறுக்கச் சொல்லி பெர்பெத்துவாவின் அப்பா காலில் விழுந்து கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. சிறையிலிருந்தே நடந்ததையெல்லாம் எழுதினாள். களத்தில் நாளைக்கு நடக்கப்போவதை வேண்டியவர் எழுதிக்கொள்ளட்டும் என்ற மாதிரி அந்தக் குறிப்பு நின்றுவிடுகிறது.

"இவளும் ஜெயில்ல எழுதுனாளா! கரியிலயா?"

"அது தெரியலம்மா."

"குழந்தைங்க?"

பெர்பெத்துவாவின் பையனைத் தாத்தா வைத்துக்கொண்டார். திருப்பி அனுப்ப மறுத்துவிட்டார். அதற்குள் குழந்தையும் பாலை மறந்திருந்தது. பெலிசித்தாவுக்குச் சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. சபையைச் சேர்ந்த ஒரு பெண் தன் மகளாக எடுத்து வளர்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு?"

"எழுதல."

"யாரும் எழுதலையா?"

"இல்லம்மா."

உள்ளே சிலுவைப்பாதைக்கு மணி அடித்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். தொண்டைக்குழியில் செம்மண் இன்னும் லேசாக ஒட்டியிருந்தது.