சிவப்பு வரிகள்: 2025ஆம் ஆண்டுக் கணக்குத் தாக்கல் குறிப்புகள்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்குக்காகச் சென்னையிலிருந்து கும்பகோணம் வந்த அக்கா மகன், காவிரிக்குப் போய்வந்த கையோடு மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் உறவிலும் தெருவிலும் வருமான வரிக் கணக்கு யாருக்குச் சிக்கினாலும் அது கடைசியில் என் கூடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. வழக்கமாக ஜூலை 31 ஆம் தேதியோடு இந்த அமளி ஓய்ந்துவிடும். இம்முறை படிவங்களில் மாற்றம் அதிகம் என்று கூறி, கெடுவைச் செப்டம்பர் 15 வரை நீட்டிப்பதாக மே மாதமே அறிவித்துவிட்டார்கள்.

"மாமா, ரெண்டு கம்பெனியும் எனக்கு வரியே இல்லைன்னுதான் பார்ம் 16 கொடுத்திருக்காங்க. இந்த சாப்ட்வேர் மட்டும் எண்பத்தெட்டாயிரம் கட்டுன்னு சிவப்புல காட்டுது" என்றான். சாப்ட்வேரில்தான் கோளாறு என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை.

நிறுவனம் தரும் சம்பள, வரிப்பிடித்தச் சான்றான அந்த இரண்டு பார்ம் 16களையும் தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லி அருகருகே வைத்துப் பார்த்தேன். சென்ற ஆண்டு செப்டம்பர் வரை ஒரு நிறுவனத்தில் மாதம் 90,000 ரூபாய், அக்டோபர் முதல் வேறொன்றில் மாதம் 1,20,000 ரூபாய். முதல் நிறுவனம் ஆறு மாதச் சம்பளமான 5,40,000 ரூபாயில் சம்பளக்காரர் எல்லாருக்கும் உரிய நிலைக்கழிவாக 75,000 ரூபாயைக் கழித்து, மிச்சம் ஏழு லட்சத்துக்குள் இருப்பதால் வரி முழுதும் தள்ளுபடி உண்டு என்று, அதுவரை பிடித்த வரியையும் கடைசிக் கணக்கில் திருப்பித் தந்திருந்தது. இரண்டாம் நிறுவனமும் தன் பங்குக்கு 7,20,000 ரூபாயில் அதே 75,000 ரூபாயைக் கழித்து, அதே தள்ளுபடியைக் கொடுத்திருந்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டு கணக்கும் சரியானவை. ஆனால் ஆள் ஒருவன், ஆண்டு ஒன்று, நிலைக்கழிவும் ஒருமுறைதான். மொத்தம் 12,60,000 ரூபாயில் 75,000 போக 11,85,000 ரூபாய்க்குக் கழிவுகள் குறைந்த புதிய வரி முறையில் வரி 77,750 ரூபாய், செஸ் என்னும் கூடுதல் வரி சேர்த்தால் 80,860 ரூபாய். முன்கூட்டியே கட்டாததற்கு 234பி, 234சி ஆகிய பிரிவுகளின்படி வட்டி 8,118 ரூபாய். பத்தின் மடங்காக்கினால் 88,980 ரூபாய். மென்பொருள் காட்டியதும் அதே தொகைதான்.

புதிய வேலையில் சேர்ந்த அன்றே பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பியில் எழுதிக் கொடுத்திருந்தால், அவர்கள் மாதாமாதம் பிடித்திருப்பார்கள், வட்டியும் மிஞ்சியிருக்கும். அப்படி ஒரு படிவம் இருப்பதையே அவன் இன்றுதான் கேள்விப்படுகிறானாம். அக்கா சித்திரான்னத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் அவனிடமிருந்து காணொளி அழைப்பு. பணத்தைக் கட்டிவிட்டான், ஆனால் மென்பொருளில் பாக்கி அப்படியே நிற்கிறது என்றான். கட்டும் பக்கத்தில் 2025-26 மதிப்பீட்டு ஆண்டையும், சுயமதிப்பீட்டு வரிக்கான 300 என்ற எண்ணையும் சரியாகவே தேர்ந்திருந்தான்; பலரும் வழுக்கி விழுவது அங்கேதான் என்பதால் முதலில் அதைத்தான் கேட்டேன். சிக்கல் அடுத்த படியில் இருந்தது. பணம் கட்டிய சீட்டான செலானின் விவரத்தை நாமும் வரி செலுத்திய பகுதியில் எழுத வேண்டும் என்பதை அறியாமல் இருந்தான். அதைச் சொன்னதும், ரசீதில் கண்ணுக்கு முதலில் பட்ட நீளமான வங்கிக் குறிப்பு எண்ணைச் செலான் எண்ணுக்கான கட்டத்தில் ஒட்டினான். ஐந்து இலக்கத்துக்கு மேல் அந்தக் கட்டம் ஏற்காது. ரசீதில் வங்கிக் கிளையைக் காட்டும் பிஎஸ்ஆர் குறியீடு ஏழு இலக்கத்திலும், செலான் எண் ஐந்து இலக்கத்திலும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும் என்று காட்டிய பிறகு, பாக்கி பூஜ்யமானது. ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்து முடித்தபோது மணி பத்து.

17 ஆகஸ்ட், ஞாயிறு

எதிர்வீட்டு டீச்சர் மஞ்சள் பையோடு வந்தார். கணவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை இந்தக் கணக்குகள் எல்லாம் அவர் கையில்தான் இருந்தன. பேத்தி சொல்லிக் கொடுத்ததை வைத்துத் தாமே மென்பொருளில் பாதி நிரப்பியிருக்கிறார் என்பதைப் பார்த்து உண்மையிலேயே வியந்தேன். "தம்பி, சீனியர் சிட்டிசன் சேமிப்புல போட்ட ஒன்றரை லட்சத்தை எத்தனை தடவை டைப் பண்ணினாலும் கழிவு பூஜ்யம்னே காட்டுது" என்பது அவருடைய குறை.

காரணம் படிவத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. புதிய வரி முறையிலிருந்து விலகும் விருப்பத்தைப் பயன்படுத்துகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். 'பழைய முறை வேண்டுமா' என்று நேராகக் கேட்டிருந்தால் டீச்சர் 'ஆம்' என்றிருப்பார். எதையும் விட்டு விலக அவருக்கு விருப்பமில்லை, எனவே 'இல்லை' என்று போட்டிருந்தார். புதிய முறையில் சேமிப்புக்கான 80சி, வட்டிக்கான 80டிடிபி போன்ற கழிவுகளுக்கு இடமே இல்லாததால், எதைத் தட்டினாலும் பூஜ்யம்தான் மிஞ்சும். விடையை மாற்றியதும் கழிவுகள் ஏறின. உடனே அடுத்த சிவப்பு வரி வந்தது: 80சியில் தொகையை மட்டும் எழுதினால் இந்த ஆண்டு முதல் போதாது, கணக்கு எண்ணையோ ஆவண எண்ணையோ சேர்த்துத் தர வேண்டும். பையைக் கவிழ்த்துப் பாஸ்புத்தகத்தைத் தேடி எடுத்து அதையும் நிரப்பினோம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தபோது, வட்டி வருமானம் என் கண்ணில் பட்டது. மென்பொருள் தானாக நிரப்பியிருந்த தொகை 1,10,000 ரூபாய். ஆனால் டீச்சர் கையில் இருந்த சான்றுகளைக் கூட்டினால் 1,80,000 ரூபாய் வருகிறது. வங்கிகள் பிடித்த வரி 18,000 ரூபாய். ஒருவர் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அவர் பேரில் 11,000 ரூபாய்தான் இருக்கிறது. தானாக நிரம்பியதை அப்படியே ஏற்று அனுப்புகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

குறைந்த ஏழாயிரத்தைத் தேடி இரண்டாவது வங்கியின் வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16ஏவை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். பான் எண்ணில் ஐந்தாவதாக வரும் எழுத்து குடும்பப்பெயரின் முதலெழுத்து. நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் இல்லாததால் அந்த இடத்தில் பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்து வந்து உட்காரும். டீச்சரின் அட்டையில் ஐந்தாவது எழுத்து ஆர், அவருடைய தந்தையின் எழுத்து. படிவத்தில் இருந்ததோ வி. அது மாமனாரின் எழுத்து என்றார் டீச்சர், சற்றுத் தாழ்ந்த குரலில். அந்த வைப்பு இருவர் பேரிலும் போடப்பட்டது, கணவர் முதல் பெயர். அவர் இறந்த செய்தியை அந்த வங்கிக்கு யாரும் தெரிவிக்கவே இல்லை. ஆகவே சென்ற நிதியாண்டு முழுவதும் வட்டியும் வரியும் அவர் பான் எண்ணிலேயே ஏறியிருக்கின்றன.

20 ஆகஸ்ட், புதன்

டீச்சருடன் வங்கிக்குப் போனேன். இறப்புச் சான்றிதழ், இருவரின் பான் நகல்கள், வைப்பு ரசீது, ஒரு மனு. பெயர் மாற்றம் அன்றைக்கே பதிவானது. வரிக்கழிவை இவர் பேருக்கு மாற்றுவது அத்தனை எளிதன்று. வங்கி ஏற்கெனவே தாக்கல் செய்த நான்கு காலாண்டு அறிக்கைகளையும் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். மேலாளர் அதற்குப் பொறுமையாகவே ஒப்புக்கொண்டார். இவ்விடத்தில் மென்பொருளில் நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. 26ஏஎஸ்ஸில் இல்லாத 7,000 ரூபாயைப் படிவத்தில் எழுதினால் எழுதலாம்தான், ஆனால் வரித் துறை பெங்களூரில் பரிசீலிக்கும்போது அது வெட்டப்பட்டு, பிறகு திருத்த மனு, மறுபரிசீலனை என்று அலைய வேண்டும். கெடுவுக்கு இன்னும் நாள் இருப்பதால் காத்திருக்கலாம் என்றேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

அண்ணனுக்குச் சென்ற ஆண்டே வரவேண்டிய திரும்பு தொகை இன்னும் வரவில்லை. வங்கிக் கணக்கின் முன்சரிபார்ப்பு ஒவ்வொரு முறையும் தோல்வி என்று வருகிறதாம். இது நம் பக்கத்துக்கே உரிய நோய். பான் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை ஏற்கமாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். வங்கியிலோ முப்பது ஆண்டுகளாக இரண்டு புள்ளிவைத்த எழுத்துகளோடு பெயர் இருக்கிறது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒருவரே. மென்பொருளுக்குத் தெரிந்தது எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும்தான். பான் அட்டையில் உள்ளபடி வங்கியில் பெயரைத் திருத்திக்கொண்டு, மறுபடி சரிபார்த்து, அதன்பின் தொகையை மீண்டும் அனுப்பக் கோரும்படி எழுதிக் கொடுத்தேன். "எங்கப்பா வச்ச பேரை வங்கிக்காரனுக்காக நான் மாத்தணுமா?" என்று அண்ணன் அரைமணி நேரம் பேசினார். நாளை போவார் என்று அண்ணி சொன்னார்.

இன்றே தங்கை மகளின் கணக்கும் முடிந்தது. பங்கு விற்றதில் அவளுக்கு 4,300 ரூபாய் குறுகிய கால ஆதாயம். ஒன்றே கால் லட்சம் வரையிலான நீண்ட கால ஆதாயத்தை இந்த ஆண்டு முதல் எளிய படிவமான ஐடிஆர்-1லேயே காட்டலாம், குறுகிய காலத்துக்கு அந்தச் சலுகை இல்லை என்பதால் ஐடிஆர்-2க்கு மாற வேண்டியிருந்தது.

11 செப்டம்பர், வியாழன்

டீச்சரின் 26ஏஎஸ்ஸில் இன்று 18,000 ரூபாய் முழுதாக வந்துவிட்டது. தெருவைக் கடந்து போய் நேரிலேயே சொன்னேன்.

13 செப்டம்பர், சனி

மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தோம். பழைய கோப்பை வைத்துக்கொண்டு தொடராமல், முன்நிரப்பிய தரவுக்கான ஜேசன் கோப்பைப் புதிதாக இறக்கிக்கொண்டது நல்லதாயிற்று. வட்டி இப்போது 1,80,000 ரூபாய் என்றே தானாக வந்தது. ஓய்வூதியம் ஆறு லட்சம். நிலைக்கழிவு 50,000, மூத்தோரின் வட்டிக்கான 80டிடிபி 50,000, காப்பீடு இல்லாததால் மருத்துவச் செலவாக 80டியில் 50,000, 80சியில் ஒன்றரை லட்சம் போக 4,80,000 ரூபாய் மிச்சம். ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் வரி பூஜ்யம். 18,000 ரூபாயும் திரும்ப வரும். புதிய முறையிலும் போட்டுப் பார்த்தேன். அதில் 7,05,000 ரூபாய் வந்து, விளிம்பு நிவாரணம் போக 5,200 ரூபாய் வரி விழுந்தது. ஏழு லட்சத்தை ஐந்தாயிரத்தால் தாண்டியதற்கு அந்த ஐந்தாயிரமும் செஸ்ஸும் மட்டும்தான் என்று சட்டம் இரக்கம் காட்டுவதை டீச்சருக்கு விளக்கினேன். ஒரு காலத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர் ஆதலால் அதை மிகவும் ரசித்தார்.

சமர்ப்பித்த பிறகு சரிபார்ப்பில் ஒரு தடங்கல். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் கணவருடையது, அது எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்டது. சரிபார்க்காத கணக்கு தாக்கல் செய்யாத கணக்குக்குச் சமம். அதற்குக் கொடுக்கும் அவகாசம் 30 நாள். தாக்கலுக்கான ஒப்புகையான ஐடிஆர்-வி தாளை அச்செடுத்து, டீச்சரை நீல மையில் கையெழுத்திடச் சொல்லி, பெங்களூர் 560500 என்ற முகவரிக்கு விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டு வந்தோம். வரும் வழியில் புதிய எண்ணை ஆதாரில் சேர்க்கவும் பதிந்தாயிற்று.

15 செப்டம்பர், திங்கள்

காலை முதல் பதினோரு அழைப்புகள். எல்லாருக்கும் இன்றுதான் நினைவு வந்திருக்கிறது. இரவு வெகுநேரம் கழித்துக் கெடுவை ஒருநாள், 16 ஆம் தேதி வரை, நீட்டித்த செய்தி வந்தது. பன்னிரண்டாவது ஆளிடம் நாளைக் காலையில் வரச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

9 அக்டோபர், வியாழன்

டீச்சருக்குக் கணக்கைப் பரிசீலித்த முடிவைச் சொல்லும் 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வந்திருக்கிறது. கோப்பு திறக்கவில்லை என்று பேத்தி அழைத்தாள். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் எழுதி, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கத்தில் சேர்த்தால் அதுதான் கடவுச்சொல். திறந்ததும் இரண்டு பத்திகளையும் வரி வரியாக ஒப்பிட்டோம்: நாம் காட்டியதும் அவர்கள் கணக்கிட்டதும் எங்கும் மாறவில்லை. ஏப்ரல் முதல் ஏழு மாதத்துக்கு மாதம் அரை விழுக்காடு வட்டி சேர்த்து 18,630 ரூபாய்.

அந்த 630 ரூபாய் வட்டியும் வருமானம்தான், அடுத்த ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டும் என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து புதிய நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு அதை எழுதிக்கொண்டார்.