நடுவில் ஒரு கோடு

டெல்லியில் நம் பள்ளியில் உளவியல் எடுத்தவர்கள் சிலர்தான். "என் மனசுல என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்று மற்ற பிரிவுக்காரர்கள் கேட்பார்கள். அது ஜோசியம் இல்லை, சாட்சியத்தைச் சலித்துப் பார்க்கும் அறிவியல் என்று எங்களுக்குப் புரியவைத்தது 2001 மே மாதம்.

காலா பந்தர் பயம் நினைவிருக்கிறதா? ராத்திரியில் ஆட்களைத் தாக்குவதாக டெல்லி முழுக்கப் பேசப்பட்ட 'கருங்குரங்கு' அது. கரண்ட் போனால் மொட்டை மாடியில் படுத்த காலம். இரும்பு நகம், ஹெல்மெட், எரியும் கண் என்று ஆளுக்கொரு வர்ணனை. பயந்து ஓடி மாடியிலிருந்து விழுந்து உயிர்விட்டவர்களும் உண்டு. எங்கள் உளவியல் மேடம் அதையே விடுமுறைப் பாடமாகக் கொடுத்தார். நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் அவரவருக்கே நேர்ந்தது, வலப்பக்கம் பிறர் சொல்லிக் கேட்டது.

"குரங்கைப் பார்த்தீங்களான்னு கேட்காதீங்க. ராத்திரி என்ன நடந்ததுன்னு மட்டும் கேளுங்க. பயந்தவங்களை இன்னும் பயமுறுத்தக் கூடாது" என்றார்.

மயூர் விஹாரில் எங்கள் மேல்வீட்டு மாமி அரை மணி நேரம் அங்க அடையாளங்களோடு சொன்னார். "இதுல உங்களுக்கே நடந்தது எது மாமி?" என்றதும் கொஞ்சம் யோசித்தார். "தண்ணித் தொட்டிப் பக்கம் தொம்முனு ஒரு சத்தம் கேட்டுதுடா." இடப்பக்கம் அந்த ஒரு வரிதான். வலப்பக்கத்தில் இடம் போதவில்லை.

ஜூலையில் பள்ளி திறந்ததும் மேடம் 1934 பீகார் நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். அதிர்வு தெரிந்தும் சேதமில்லாத ஊர்களில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்று வதந்தி பரவியதை உளவியலாளர் ஜமுனா பிரசாத் பதிவு செய்தார். டார்ஜிலிங் நிலச்சரிவில் நேரடியாக அடிபட்ட இடத்தில் இன்னொரு உளவியலாளர் துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்தபோது அப்படிப்பட்ட வதந்தி இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர், பயம் முதலில் வந்துவிட்டது, அதற்குத் தோதான காரணத்தை வதந்தி கொடுத்தது என்று விளக்கினார். ஒன்றுக்கொன்று ஒத்துவராத எண்ணங்கள் மனசை உறுத்தும், அதைச் சரிக்கட்ட நாம் வழி தேடுவோம் என்பதுதான் அறிவாற்றல் முரண்பாடு என்ற அவருடைய 1957 கோட்பாடு; அதற்கு இதுவும் ஒரு விதை. நாங்கள் வியந்துபோனோம். மேடம் விடவில்லை. "ஊர் வேற, ஆபத்து வேற, வருஷம் வேற. வித்தியாசம் எதனால வந்ததுன்னு இதை வெச்சு எப்படி அடிச்சுச் சொல்வீங்க?"

அதற்குத்தான் சோதனை. ஒருநாள் லேப் உதவியாளர் அண்ணன் வகுப்புக்குள் வந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எங்களை இரண்டாகப் பிரித்தார் மேடம். ஒரு பாதிக்கு, "அவர் கையில் வேறு ஏதாவது இருந்ததா?" மறு பாதிக்கு, "அவர் தோளில் இருந்த பை என்ன நிறம்?" பையே இல்லை. ஆனால் அந்தப் பாதியில் பலர் நிறம் எழுதியிருந்தார்கள். 1974இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் கார் விபத்துப் படத்தைக் காட்டிச் செய்த ஆய்வும் இதைத்தான் காட்டியது: கேள்வியில் ஒரு சொல் மாறினால், கார் எவ்வளவு வேகமாகப் போனது என்று சாட்சி சொல்லும் கணக்கும் மாறுகிறது.

சீட்டு எதற்கு என்று நான் கேட்டேன். "நீங்களே பிரிஞ்சா முன்பெஞ்சு ஒரு பக்கம், பின்பெஞ்சு ஒரு பக்கம் போயிடுவீங்க. அப்புறம் வித்தியாசம் கேள்வியாலயா, பெஞ்சாலயா?" அதோடு, பக்கத்து செக்ஷனிலும் அதையே செய்து பார்க்காமல் முடிவு எழுத விடவில்லை.

2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் சுமார் 36 சதவீதம்தான் மறுபடி தேறின என்ற செய்தியை லண்டனில் படித்தபோது பலர் உளவியலே பொய் என்றார்கள். எனக்கு அந்தத் துறைமேல் மரியாதை கூடியது. தன் கணக்கைத் தானே திரும்பப் போட்டுப் பார்த்து ஊரறியச் சொல்கிற துணிவு எத்தனை துறைக்கு இருக்கிறது?

அந்தக் கோடு போட்ட நோட்டுகளை மேடம் ஒன்றாகத் தைத்து வைத்திருந்தார். நம் செட்டில் யாரிடமாவது அது இருந்தால், தயவுசெய்து ஸ்கேன் செய்து நம் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அனுப்புங்கள்.