ஆமை புகுந்த வீடு

"கொல்லையில ஆமை வளர்க்கப் போறோம்மா" என்று போனில் சொன்னதும் மதுரையிலிருந்து பதில் வந்தது: "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா." அது வீட்டுக்குள் வராது, கொல்லையோடு சரி என்று சமாளித்தேன்.

நாங்கள் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில். இங்கே சொனோரன் பாலைவன ஆமையைக் காட்டிலிருந்து பிடித்து வரக்கூடாது. வளர்ப்பில் இருந்ததைக் காட்டில் விடவும் கூடாது, நோய் பரவும். அப்படிப் போக்கிடம் இல்லாத ஆமைகளை மாநில வனவிலங்குத் துறையின் திட்டம் மூலம் தத்தெடுக்கலாம். கொல்லையைத் தயார் செய்து காட்டினால்தான் கிடைக்கும். (இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் நட்சத்திர ஆமை தேடிப் போகாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அமீனாவுக்குப் பதில் வனத்துறை வீடு புகும்.)

எங்களுக்கு வந்தவர் ஆண். ஓடு பத்தரை அங்குலம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கலாம் என்றார்கள். என்னைவிட மூத்தவர், அதனால் பெயர் 'பெரியவர்'.

அவர் வருமுன் ஒரு மாதம் வேலியைப் பற்றியே யோசித்தேன். நீச்சல் குளத்தைச் சுற்றி இரண்டடிக்கு சிமெண்ட் பிளாக் அடுக்கினேன். இந்த ஆமைக்கு நீந்தத் தெரியாது, விழுந்தால் முடிந்தது. கம்பி வலை மலிவுதான். ஆனால் அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் நாள் முழுக்க முட்டிக்கொண்டே நிற்கும். பின்சுவரோரம் அழகுக்கு வைத்திருந்த அரளியை வேரோடு பிடுங்கினேன். கேட்டுக்கு அடியில் நாலு விரல் சந்து, அதற்கொரு பலகை.

வளைக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மதியம். பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, மேலே அரையடி மண் போட்டேன். வாசல் மேற்கு பார்த்தது. காரணம், அந்த மூலைதான் காலியாக இருந்தது.

2023 ஜூலை. ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் அடித்த கோடை. மாலை நாலு மணி வெயில் நேராக வளைக்குள் இறங்கியது. உள்ளே தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 41. பெரியவர் அங்கே இல்லை. ஏசி தண்ணீர் சொட்டும் ஈர மண்ணில் முகத்தைப் புதைத்துக் கிடந்தார். மகள் பதறிப்போய்த் தூக்கினாள், கையெல்லாம் நனைந்தது. பாலைவன ஆமை வறட்சிக்கென்று மூத்திரப்பையில் சேர்த்துவைக்கும் தண்ணீர் அது. பயத்தில் கொட்டிவிட்டால் கோடையைத் தாண்டுவதே பாடு. தரையோடு தரையாகத் தட்டு பதித்து நீர் ஊற்றினோம். தலையை இறக்கியவர் பத்து நிமிடம் நிமிரவில்லை. எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

அந்த வார இறுதியில் புது வளை தோண்டினேன். இங்கே ஓரடிக்குக் கீழே மண் சுண்ணாம்பாக இறுகிப் பாறை மாதிரி கிடக்கும், கடப்பாரை துள்ளியது. இடம் மெஸ்கீட் மரத்தடி (நம்ம சீமைக்கருவேலத்தின் பங்காளி). வாசல் கிழக்கே. இரு பக்கமும் பிளாக், மேலே முக்கால் அங்குல பிளைவுட், அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதற்கும் மேல் ஓரடிக்குக் குறையாமல் மண். உள்ளே அவர் திரும்ப இடம் வேண்டும் என்று அவர் முதுகு ஓட்டின் நீளத்தை இன்னொரு தடவை அளந்தேன். கோடை மழை இங்கே ஒரே கொட்டாகக் கொட்டும் என்பதால் வாசலில் ஒரு சாண் மேடு. வெளியே 44 அடித்த நாளில் உள்ளே 33 காட்டியது. ஐந்து நாள் வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டு, ஆறாம் நாள் உள்ளே போனார்.

சாப்பாட்டுக்குப் பிரச்சினையே இல்லை. பெர்முடா புல் என்று இங்கே விற்பது நம்ம அருகம்புல்தான். செம்பருத்திப் பூ என்றால் நடையே மாறிவிடும். "பிள்ளையாருக்குப் போடறதையெல்லாமா அதுக்குப் போடறே?" என்றாள் அம்மா. அமீனா பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

போன வாரம் கண்ணாடிக் கதவை மூட மறந்துவிட்டோம். பெரியவர் சமையலறையில், ஃப்ரிட்ஜ் ஓரத்தில் இருந்தார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.