204-ஆம் வீட்டைத் தேடி ஐந்து வாரம்

ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு அனுப்பும் அவசரம் ஓய்ந்த பிறகு இதை ஆரம்பித்தேன். ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம், ஒரே ஒரு புதிர். எத்தனை நாள் ஆனாலும் சரி, போனில் விடை தேடுவதில்லை. போட்டது, அடித்தது எல்லாம் ஒரே நோட்டில் இருக்க வேண்டும்.

எடுத்துக்கொண்ட புதிர் 1914-இல் லண்டனின் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வந்தது. ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒருவர் வீட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் எண்களைக் கூட்டினாலும் வலப்பக்கம் இருப்பவற்றைக் கூட்டினாலும் ஒரே தொகை. தெருவில் 50-க்கு மேல், 500-க்குக் கீழ் வீடுகள். அவர் வீட்டு எண் என்ன? கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் இதை ராமானுஜனிடம் வாசித்துக் காட்டினார். ராமானுஜன் அடுப்பில் காய் வதக்கிக்கொண்டே, எல்லா விடைகளையும் தரும் ஒரு தொடர் பின்னத்தை (பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போவது) சொல்லிவிட்டாராம். ராமானுஜன் பிறந்தது எங்கள் ஈரோட்டில். அந்தக் கதை எனக்குத் தெரியும், விடை தெரியாது.

முதல் வாரம்

100 வீடு என்று வைத்துப் பார்த்தேன். மொத்தம் 5050. 71-ஆம் வீட்டில் நின்றால் இடப்பக்கம் 2485, வலப்பக்கம் 2494. ஒன்பதுதான் வித்தியாசம்! இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகிவிடும் என்ற ஆசையில் 101, 102 என்று போய், 120 வரை நான்கு ராத்திரி கூட்டிக்கொண்டே இருந்தேன். நெருங்கி நெருங்கி வருகிறது, சரியாக உட்காரவில்லை.

ஐந்தாம் நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். ஜார்ஜ் போல்யா என்ற ஹங்கேரியக் கணித அறிஞர், கணக்கை எப்படி அணுகுவது என்று நிறைய எழுதியிருக்கிறார். இந்தக் கணக்கு வரவில்லையா, இதே மாதிரி இதைவிட எளிய கணக்கு ஒன்று இருக்கிறதா பார் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் யோசனை. (போல்யா புடாபெஸ்டில் பிறந்தது 1887 டிசம்பர் 13. ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தது அதே டிசம்பர் 22. ஒன்பது நாள் இடைவெளியில் பிறந்த இருவருமே பின்னாளில் ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டியோடு சேர்ந்து வேலை செய்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.)

இரண்டாம் வாரம்

50, 500 இரண்டையும் மறந்துவிட்டு, தெருவைச் சின்னதாக்கினேன். 2 வீடு, 3 வீடு, 4 வீடு. ஒன்றும் வரவில்லை. 8 வீட்டுத் தெருவில் மாட்டியது. ஆறாம் வீடு: இந்தப் பக்கம் 1+2+3+4+5, பதினைந்து. அந்தப் பக்கம் 7+8, பதினைந்து. நாலு நாள் பெரிய எண்களோடு போராடியதில் கிடைக்காதது பத்து நிமிஷத்தில் கிடைத்தது.

விடையைவிட, அதை உற்றுப் பார்த்ததில் கிடைத்ததுதான் பெரிது. 15, 6, 15. மொத்தம் 36. அதாவது 6-இன் வர்க்கம். தற்செயலா? இல்லை. 1 முதல் 5 வரை கூட்ட 5-ஐயும் 6-ஐயும் பெருக்கிப் பாதியாக்குகிறோம். இரு பக்கமும் சேர்ந்தால் இரண்டு பாதி, அதாவது 5×6. அதோடு நடுவில் உள்ள 6-ஐச் சேர்த்தால் 6×6. எந்தத் தெருவானாலும் இப்படித்தான். ஆக, தேட வேண்டியது வீட்டை அல்ல. 1, 3, 6, 10, 15 என்று வளரும் மொத்தத் தொகைகளில் எது வர்க்க எண் என்பதுதான் உண்மையான கேள்வி.

பட்டியல் போட்டேன். 1, அப்புறம் 36, வெகுநேரம் கழித்து 1225. அதாவது 49 வீடு, 35-ஆம் வீடு. 50-க்கு மேல் என்று ஏன் நிபந்தனை வைத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. 8-ஐயும் 49-ஐயும் விலக்கத்தான். முதல் நாள் அந்த வரியை நான் வெறுமனே படித்துவிட்டுப் போயிருந்தேன்.

மூன்றாம் வாரம்

இந்த வாரம் புதிர் நகரவில்லை. ஆனால் இந்தப் பழக்கம் கடைக்கும் வந்துவிட்டது.

நூல் பார்ட்டி ஒருவரின் ஸ்டேட்மென்ட்டுக்கும் எங்கள் பேரேட்டுக்கும் 5,400 ரூபாய் இடித்தது. வழக்கமாக முதல் பில்லிலிருந்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பேன், அரை நாள் போய்விடும். இந்த முறை வித்தியாசத்தையே முதலில் பார்த்தேன். 5,400 ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறது. அப்படி வந்தால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். நான் இன்னும் ஒரு படி போனேன். ஆயிரமும் நூறும் இடம் மாறினால் வித்தியாசம் 900-இன் மடங்காக வரும். 5,400 என்பது ஆறு 900. அப்படியானால் அந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவே ஆறு வித்தியாசம் இருக்க வேண்டும்: 82-க்கு 28, 93-க்கு 39, 71-க்கு 17, 60-க்கு 06. இந்த மாதிரி இலக்கம் உள்ள பில்களை மட்டும் எடுத்தேன். மூன்றாவது பில்லிலேயே கிடைத்தது. 8,250-ஐ 2,850 என்று ஏற்றியிருந்தேன்.

அதே வாரம் அக்கா மகள் வந்திருந்தாள், பத்தாவது படிக்கிறாள். 90 கிலோமீட்டர் போகும் பேருந்து, வேகம் 15 கூடியிருந்தால் 30 நிமிஷம் முன்னால் போயிருக்கும், வேகம் என்ன என்று ஒரு கணக்கு. படித்து முடிக்கும் முன்பே சமன்பாடு எழுதுகிறாள், அதில் 30 என்று அப்படியே போடுகிறாள். “சமன்பாட்டை விடு கண்ணு, வேகம் முப்பதுன்னு வச்சுப் பாரு” என்றேன். 30 என்றால் 3 மணி நேரம், 45 என்றால் 2 மணி. ஒரு மணி மிச்சம், அது அதிகம். 45-க்கு 2 மணி, 60-க்கு ஒன்றரை. “மாமா, அரை மணி! நான் நிமிஷத்தையும் மணியையும் கலந்துட்டேன்” என்று அவளே சொன்னாள். பிறகு எழுதிய சமன்பாடு சரியாக வந்தது. ஊகித்துப் பார்ப்பதைப் பிள்ளைகள் திருட்டுத்தனம் மாதிரி நினைக்கிறார்கள். கேள்விக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான்காம் வாரம்

மறுபடி தெரு. 8 வீட்டின் மொத்தம் 8×9-இல் பாதி, 49 வீட்டின் மொத்தம் 49×50-இல் பாதி. அடுத்தடுத்த இரண்டு எண்கள், பொதுக்காரணி கிடையாது. ஆகவே பெருக்கலில் பாதி வர்க்கமாக வேண்டுமானால் ஒன்று வர்க்கமாகவும் மற்றது வர்க்கத்தின் இரு மடங்காகவும் இருந்தே தீர வேண்டும். 9 என்பது 3×3, 8 என்பது 2×2-இன் இரு மடங்கு. 49 என்பது 7×7, 50 என்பது 5×5-இன் இரு மடங்கு.

3, 2. அப்புறம் 7, 5. இரண்டையும் பின்னமாக எழுதினேன்: 3/2, 7/5. கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் கூட்டினால் அடுத்த கீழ் எண் (3+2=5). அதோடு பழைய கீழ் எண்ணைக் கூட்டினால் அடுத்த மேல் எண் (5+2=7). அப்படியே ஒரு படி: 12, 17. 17-இன் வர்க்கம் 289, 12-இன் வர்க்கத்தின் இரு மடங்கு 288. ஆக 288 வீடு, மொத்தம் 12×17-இன் வர்க்கம், 204-ஆம் வீடு. இரு பக்கமும் கூட்டிச் சரிபார்த்தேன்: 20,706, 20,706. மணி பன்னிரண்டரை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், யாரையாவது எழுப்பிச் சொல்லத் தோன்றியது.

இந்தப் பின்னங்கள் 2-இன் வர்க்கமூலத்தை நெருங்கிக்கொண்டே போகும் வரிசை. ராமானுஜன் சொன்ன தொடர் பின்னம் இருக்கும் இடம் இதுதான். கேட்டவுடனே அவர் நின்ற இடத்துக்கு வந்து சேர எனக்கு நாலு வாரம் ஆனது. ஆனால் வழி முழுக்க நோட்டில் இருக்கிறது.

ஐந்தாம் வாரம்

விடை வந்த பிறகு கேள்வியை மாற்றிப் பார்ப்பதும் போல்யா வலியுறுத்துவதுதான். பல ஊர்களில் தெருவின் ஒரு பக்கம் ஒற்றை எண், எதிர்ப்பக்கம் இரட்டை எண் இருக்கும். இரட்டைப் பக்கம் எல்லாம் இரு மடங்காவதால் பழைய விடையேதான். ஒற்றைப் பக்கம்? 1, 3, 5, 7, 9. ஏழாம் எண் வீட்டுக்கு இந்தப் பக்கம் 9, அந்தப் பக்கம் 9. அக்கா மகளுக்கு போனில் சொன்னேன். ஒற்றை எண்களை முதலிலிருந்து கூட்டினால் வர்க்கம் வருமே, அப்படியென்றால் இது 3, 4, 5 பிதாகரஸ் மாமா என்றாள். முன்னால் 3 வீடு, அந்த வீட்டோடு சேர்த்து 4, மொத்தம் 5. அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு 20, 21, 29-ஐப் போட்டேன். 29 வீடு, கதவு எண் 41. இரு பக்கமும் 400.

5 வீட்டில் 7, 29 வீட்டில் 41. 7/5 பழைய பட்டியலில் இருக்கிறது. 17/12-க்கு அடுத்ததைப் போட்டுப் பார்த்தேன்: 41/29. ஒன்று விட்டு ஒன்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்று இன்னும் எழுதவில்லை. நோட்டில் பதினொரு பக்கம் மிச்சம் இருக்கிறது.