பந்தைத் துளையிடும் முன் அளக்க வேண்டிய புள்ளி

தோழருடைய பந்தில் இருப்பது போலவே எனக்கும் துளையிட்டுத் தரும்படி கேட்டது நான் செய்த பிழை. இருவருடையதும் ஒரே ரக டென்பின் பவுலிங் பந்து, எடையும் ஒன்றே. மோதிர விரல் துளைக்கு மேலே 'பின்' எனும் புள்ளி அமையுமாறு இரண்டும் இம்மி பிசகாமல் துளையிடப்பட்டன. ஆயினும், பந்து உருளும் தடமான லேனில் பூசிய எண்ணெய் முடியும் இடத்தைக் கடந்ததும் அவருடைய பந்து வளைந்து பாய, என்னுடையது பெரும்பாலும் நேராகவே ஓடியது.

இங்கே 'பின்' என்பது பந்துக்குள் இருக்கும் கோர் எனும் எடைக்கருவின் உச்சியைக் காட்டும் வண்ணப் புள்ளி. அது விரல் துளையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை மட்டுமே நான் பார்த்தேன். கையை விட்டுப் புறப்படும் பந்து எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சு பந்தின் மேற்பரப்பில் வெளிப்படும் புள்ளியிலிருந்து பின் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையே பார்த்திருக்க வேண்டும். பிஏபி எனப்படும் இப்புள்ளி ஆளுக்கு ஆள் வேறுபடும். பந்தில் சிறு வெள்ளை நாடாவை ஒட்டி உருட்டி, அது தள்ளாடாமல் ஒரே இடத்தில் சுழலும் வரை இடம் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 27 அங்குலம். 'பின்' புள்ளி பிஏபியின் மீதே இருந்தாலும், அதிலிருந்து கால் சுற்றளவான 6¾ அங்குலம் தள்ளியிருந்தாலும் கோர் நிலைகொண்டு சுழலும். அச்சு அதிகம் நகராது. இவ்விரண்டுக்கும் நடுவில், 3⅜ அங்குலத்தில், கோர் நிலைகொள்ள இடமின்றித் தவிப்பதால் அச்சு மிகுதியாக நகர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படியாத புதிய மேற்பரப்பு லேனைத் தொடுகிறது. இதுவே ஃபிளேர், உராய்வும் வளைவும் இதனால் கூடுகின்றன. அளந்து பார்த்தபோது அத்தொலைவு தோழருக்கு 4½ அங்குலமாகவும் எனக்கு ஏறக்குறைய 5½ அங்குலமாகவும் இருந்தது.

தொலைவோடு கோணங்களும் உண்டு. பந்து வடிவமைப்பாளர் மோ பினல் வகுத்த இரட்டைக் கோண முறையில், துளையிடும் கோணம் (பின் புள்ளியிலிருந்து பிஏபிக்கும் கோரின் எடைச் சாய்வுப் புள்ளிக்கும் செல்லும் கோடுகளுக்கு இடையிலானது) சிறிதானால் பந்து முன்னதாகவே உருளத் தொடங்கும். விஏஎல் கோணம் (பின்-பிஏபி கோட்டுக்கும் பிஏபி வழியே செல்லும் செங்குத்து அச்சுக்கோட்டுக்கும் இடையிலானது) சிறிதானால் எண்ணெய் முடிந்த இடத்தில் சட்டென்று திரும்பும், பெரிதானால் மெல்ல வளையும். ஆனால் மேற்பரப்பின் சொரசொரப்பு லேனுக்குப் பொருந்தாவிட்டால் எந்த லேஅவுட்டும் (துளை அமைப்பும்) பந்தைக் காப்பாற்றாது என்பதே என் உறுதியான கருத்து.

முன்பு விரல் நுழைக்காத சமன் துளை ஒன்றைக் கூடுதலாகப் போட்டுப் பந்தின் நடத்தையைத் திருத்த முடிந்தது. 2020 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க பவுலிங் அமைப்பான யூஎஸ்பிசியின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே என் பந்தின் துளைகளை அடைத்து, என் பிஏபியிலிருந்து 4½ அங்குலத்தில் பின் அமையுமாறு மீண்டும் துளையிடச் செய்தேன். முன்பு ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்த எண்ணெய் வளையங்கள் இப்போது பந்தின் மீது தனித்தனிக் கோடுகளாக விரிந்து தெரிகின்றன.