மே மாதம் குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு

ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் சென்னையிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணுவான். "அண்ணே, பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, குற்றாலம் வரலாம்னு இருக்கோம், தண்ணி விழுதா?" விழவில்லைடா என்பேன். நம்பமாட்டான். ஒரு வருடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தே இறங்கிவிட்டார்கள். பேரருவியில் பாறைதான் இருந்தது. ஓரத்தில் எலி வால் மாதிரி ஒரு கோடு தண்ணீர், அதற்கடியில் ஐம்பது பேர் தலையை மட்டும் நனைத்துக்கொள்ள முண்டிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய சின்ன மகள் என் கையை இழுத்து, "பெரியப்பா, அருவி எங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூட காலண்டருக்கும் எங்கள் பக்கத்து மழைக்கும் ஆகவே ஆகாது. கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டை போடும் நேரத்தில்தான் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். மேற்கு மலை சுவர் மாதிரி நின்று அந்த மழையை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ளும், ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு பக்கம் சுவரில் ஒரு சந்து இருக்கிறது, காற்றும் அதோடு கொஞ்சம் ஈரமும் அந்தச் சந்து வழியாக இந்தப் பக்கம் கசியும், அதுதான் சாரல். திருநெல்வேலியில் அதே நாளில் வெயில் கொளுத்தும், மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் காற்றுதான் இருக்கும். தென்காசி பஸ்ஸில் ஏறி ஆலங்குளம் தாண்டி, பாவூர்சத்திரம் வந்ததும் ஜன்னல் காற்று திடீரென்று குளிரும். ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குள் வேறு ஊர், வேறு பருவம்.

ஆகவே குற்றாலம் என்றால் ஆனி, ஆடி, ஆவணி. ஜூன் முதல் வாரமே தொடங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள், சில வருடம் தொடங்கும், சில வருடம் ஏமாற்றும். ஜூலையில் வாருங்கள், சனி ஞாயிறு வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்குப் பேரருவிக்குப் போய்ப் பாருங்கள். நல்ல தண்ணீர் விழும்போது தலைக்கு மேல் யாரோ நெல் மூட்டையைக் கொட்டுவது போல இருக்கும், அடித்துப்போட்ட மாதிரி ஆகிவிடும், வெளியே வந்தால் பசி என்றால் அப்படி ஒரு பசி. ஐந்தருவியில் வரிசை நீளம், பழைய குற்றாலம் குடும்பத்தோடு போக வசதி, புலியருவி சின்னப் பிள்ளைகளுக்கு. மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவிக்கு ஏறும் பேச்சே வேண்டாம், வனத்துறை விடமாட்டார்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் தடை உண்டு, எண்ணெய் தேய்த்துவிட்டு வந்து அருவிக்கரையில் போலீஸோடு வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவர்கள் மேல் பரிதாபம்கூட வருவதில்லை.

குளித்து முடித்தால் தோட்டத்துப் பழங்கள். மங்குஸ்தான், ரம்புட்டான், கிடைத்தால் துரியன். துரியன் வாங்கினால் காரில் ஏற்றாதீர்கள், அங்கேயே தின்றுவிடுங்கள். மத்தியானம் செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். யாருமே எட்டிப் பார்க்காத இடம் ஒன்று குற்றாலத்திலேயே இருக்கிறது, சித்திர சபை. நடராஜருடைய ஐந்து சபைகளில் ஒன்று, உள்ளே சுவர் முழுக்க மூலிகைச் சாயத்தில் தீட்டிய ஓவியங்கள். ஈரத்துணியைக் காரில் போட்டுவிட்டு அரை மணி நேரம் அங்கே உட்காரலாம், இரைச்சலில் இருந்து வந்த காதுக்கு அந்த அமைதி அவ்வளவு சுகம்.

அதே பருவத்தில் இன்னும் இரண்டு. ஒன்று, செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயிலில் பகல் நேரத்தில் ஏறி புனலூர் வரை போய் வருவது. ஆரியங்காவு குகைக்குள் இந்தப் பக்கம் வெயிலோடு நுழைந்து அந்தப் பக்கம் கொட்டும் மழையில் வெளியே வந்திருக்கிறோம். கழுதுருட்டி பக்கத்தில் பதிமூன்று கண் பாலம் வரும், ஜன்னல் சீட்டுக்கு என் மகனோடு சண்டை போட்டது நான்தான். இரண்டு, சுந்தரபாண்டியபுரம் பக்கத்துச் சூரியகாந்தி வயல்கள். ஆடியில் மலை கருக்கலாக இருக்க முன்னால் மஞ்சளாக விரிந்து கிடக்கும். வயல்காரரிடம் கேட்காமல் உள்ளே இறங்காதீர்கள். படம் எடுக்கப் போய்ச் செடியை மிதித்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய.

புரட்டாசி சனிக்கிழமை நவதிருப்பதி. ஒன்பது பெருமாள் கோவிலும் தாமிரபரணியின் இரு கரையிலும் பக்கத்தில் பக்கத்தில்தான், சிறப்புப் பேருந்து விடுவார்கள். அம்மாவைக் கூட்டிப் போவதென்றால் அதுதான் வசதி. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஆதிச்சநல்லூருக்கும் போகலாம். அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டுவைத்து, மேலே கண்ணாடி போட்டு, நடந்து பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். 2023இல் திறந்தது. காலுக்கடியில் யாரோ ஒருவருடைய தாழி இருக்கும்போது நடை தானாக மெதுவாகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் போகாதீர்கள் என்பது என் கட்சி. வடகிழக்குப் பருவமழையில் குற்றாலத்திலும் வெள்ளம்தான் விழும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து தெருவில் பைக்குகள் மிதந்து போவதைப் பார்த்தவன் நான். அந்த மழை மாதங்களுக்கு வீட்டில் கருப்பட்டிக் காப்பி போதும்.

மழை விட்டதும் கூந்தன்குளம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த இடம் இதுதான், எங்கள் ஊர்க்காரர்களிலேயே பாதிப்பேர் பார்த்ததில்லை. நெல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் நாங்குநேரி வட்டத்தில் ஒரு சாதாரணக் கிராமத்துக் குளம். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் பறவைகளுக்கு அரசாணை தெரியாது, அதற்கு எத்தனையோ காலம் முன்னாலிருந்தே வருகின்றன. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் பட்டைத்தலை வாத்து தைமாதம் காலையில் குளத்தங்கரையில் புல் மேய்ந்துகொண்டிருக்கும், தூரத்தில் பூநாரைகள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே வீட்டு வாசல் வேப்பமரத்திலும் கருவேல மரத்திலும் கூடு கட்டும். துணி காயப்போட்டால் எச்சம், வாசலில் மீன் நாற்றம், ராத்திரி முழுக்கக் குஞ்சுகளின் சத்தம். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடிகூடப் போடமாட்டார்கள். "எச்சம் விழுந்த குளத்துத் தண்ணி வயலுக்குப் பாஞ்சா உரம் எதுக்கு?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். கூடு கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றால் தை, மாசி. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், சிவப்புச் சட்டை வேண்டாம், பைனாகுலர் யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஏப்ரல், மே லீவுக்கு என்ன செய்வது? அதற்கும் இடம் இருக்கிறது, கிழக்கே திரும்ப வேண்டும். திருச்செந்தூர் பக்கத்தில் காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேல் என்று மணல். இரும்புச்சத்து மணலில் ஏறியதால் வந்த நிறம். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது புதிதல்ல, சின்ன வயதில் நாங்கள் அந்த மணலில் உருண்டு, வீட்டுக்கு வந்து மூன்று நாள் காதுக்குள்ளிருந்து மணல் எடுத்திருக்கிறோம். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் கால் வைக்க முடியாது. வழியில் பதனீர் இருக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியது, பனையோலைப் பட்டையில் ஊற்றி நுங்கைப் போட்டுக் கொடுப்பார்கள். "அண்ணாச்சி, இன்னொரு பட்டை" என்று கேட்காமல் யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உடன்குடி, கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம். சாயங்காலம் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், அதற்குக் கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஆலயத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் கடற்காற்றில் பகல் வெயில் முழுக்க இறங்கிவிடும்.

குளித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் பாபநாசத்தில் அகத்தியர் அருவி, மே மாதத்திலும் தண்ணீர் இருக்கும். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொள்வார்கள், முனகாமல் கொடுத்துவிடுங்கள். கோடையில் மழை பெய்து அருவியில் திடீரென்று தண்ணீர் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்து மட்டும் ஓடாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த காட்டாற்று வெள்ளத்தில்தான் பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான்.

போன வாரம் சித்தப்பா மகன் மறுபடியும் கூப்பிட்டான். தண்ணி விழுதா என்று தொடங்கவில்லை. "அண்ணே, ஆடி மாசம் ரெண்டு நாள் பிள்ளைகளுக்கு லீவு போட்டுருதேன். டீச்சர்கிட்ட காய்ச்சல்னு சொல்லிக்கலாம்ல?" என்றான். சொல்லிக்கோ என்றேன். துண்டு மட்டும் நாலு கூடக் கொண்டுவரச் சொன்னேன், சாரலில் ஒன்றும் காயாது.